மிர்த்தில்லோ, மோரா, ரீபெஸ்: ஆங்கிலத்துக்கும் இத்தாலியனுக்கும் நடுவே பெர்ரிப் பெயர்கள் – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சமையல் குறிப்பு, உணவகப் பட்டியல், ஜாம் பாட்டில் லேபிள், மருந்துக்கடைப் பெட்டி ஆகியவற்றை இந்த இரண்டு மொழிகளுக்கு இடையே மாற்றுகிறவர்கள் திரும்பத் திரும்ப இடறி விழும் இடங்களை இங்கே கேள்வி பதிலாகத் தந்திருக்கிறேன். நானும் விழுந்திருக்கிறேன்; எங்கே என்பதைக் கீழே ஓரிடத்தில் ஒப்புக்கொள்கிறேன்.

‘பெர்ரி’ என்பதற்கு இத்தாலியனில் ஒரே சொல் உண்டா?

அகராதியைத் திறந்தால் ‘பாக்கா’ என்று இருக்கும். பன்மை ‘பாக்கே’. தாவரவியல் வகுப்பில் அது சரி. சாப்பாட்டு மேசையில் அநேகமாகத் தவறு. ‘பாக்கே’ என்றதும் இத்தாலியர் மனத்தில் எழுவது ஜூனிப்பர், எல்டர் போன்ற புதர்க்காய்கள். குழந்தை வாயில் போட்டுக்கொள்ளக் கூடாதே என்று பெற்றோர் பதறும் காட்டுக் காய்களும் அதில் அடக்கம். ஸ்ட்ராபெர்ரியும் ராஸ்பெர்ரியும் ப்ளூபெர்ரியும் கலந்த கிண்ணத்துக்கு அந்தப் பெயர் பொருந்தாது. அதற்கு ‘ஃப்ருத்தி தி போஸ்கோ’ என்று பெயர். காட்டுப் பழங்கள் என்று பொருள். பிளாஸ்டிக் கூடாரத்துக்குள் சொட்டுநீரில் வளர்ந்திருந்தாலும் கடையில் அது காட்டுப் பழம்தான். விவசாயிகளும் வேளாண் துறையினரும் ‘பிக்கொலி ஃப்ருத்தி’, சிறு பழங்கள், என்கிறார்கள்.

ஆங்கிலத்துக்குப் போகும்போது அமெரிக்க வாசகருக்கு ‘மிக்ஸ்ட் பெர்ரீஸ்’ போதும். பிரிட்டனில் ‘ஃப்ரூட்ஸ் ஆஃப் தி ஃபாரஸ்ட்’ என்ற தொடரும் தயிர், ஐஸ்கிரீம் டப்பாக்களில் புழங்குவதால் அதைத் தவறென்று அடிக்க வேண்டாம்.

உறைய வைத்த காட்டுப் பழம் இத்தாலியக் குறிப்பில் வந்தால் ஒன்றைக் கவனியுங்கள். 2013இல் இத்தாலியில் பரவிய ஹெபடைடிஸ் ஏ தொற்று உறைய வைத்த பெர்ரிக் கலவைகளோடு தொடர்புடையது என்று தெரிந்தது. அதன்பின் அந்நாட்டுச் சுகாதார அமைச்சகம் அவற்றை இரண்டு நிமிடமாவது கொதிக்க வைத்துச் சாப்பிடச் சொன்னது. ஆகவே ‘கொதிக்க விடவும்’ என்ற வரி அர்த்தமில்லாமல் நிற்கிறது என்று நினைத்து வெட்டிவிடாதீர்கள்.

வனிலா ‘பாக்கா’ என்று ஒரு குறிப்பில் படித்தேன். வனிலாவில் பெர்ரி ஏது?

இல்லை. ‘பாக்கா தி வனில்யா’ என்பது வனிலாக் காய். ஆங்கிலத்தில் பாட் அல்லது பீன். நீண்ட காயைக் குறிக்க ‘பாச்செல்லோ’ என்ற வேறு சொல்லும் இருக்கிறது. சமையல்காரர்கள் இரண்டையும் கலந்தே எழுதுகிறார்கள். ‘ஒரு வனிலா பெர்ரி’ என்று மொழிபெயர்த்தால் சமைக்கிறவர் கடை கடையாக அலைவார்.

ப்ளூபெர்ரி என்றால் மிர்த்தில்லோ. இதில் என்ன சிக்கல்?

சிக்கல் முழுவதும் இங்கேதான். மிர்த்தில்லோ என்பது ஒரு பழத்தின் பெயரன்று; வாக்சினியம் என்ற பேரினத்தில் வருகிற ஒரு குடும்பத்தின் பெயர். நிறத்தைச் சொல்லும் அடைமொழி சேர்ந்தால்தான் ஆள் யாரென்று தெரியும்.

ஆல்ப்ஸிலும் அப்பென்னைன் மலைகளிலும் தாழ்ந்த புதராகத் தானே வளர்வது ‘மிர்த்தில்லோ நேரோ’, கரிய மிர்த்தில்லோ. தாவரவியலில் வாக்சினியம் மிர்டில்லஸ். ஆங்கிலத்தில் இது ப்ளூபெர்ரி அன்று, பில்பெர்ரி. ஸ்காட்லாந்தில் ப்ளேபெர்ரி என்பார்கள். வோர்ட்டில்பெர்ரி என்ற பழைய பெயரும் உண்டு. சிறிய பழம்; தனித்தனியாகவோ இரண்டிரண்டாகவோ தொங்கும். பிளந்தால் உள்ளே சதை முழுக்க ஊதா. தின்றவர் நாக்கைப் பார்த்தாலே குட்டு வெளிப்பட்டுவிடும்.

பல்பொருள் அங்காடியில் கிடைக்கும் பெரிய பழம் வட அமெரிக்கச் செடியிலிருந்து வந்தது: வாக்சினியம் கோரிம்போசம். இத்தாலிய வேளாண் நூல்களில் ‘மிர்த்தில்லோ ஜிகாந்தே அமெரிகானோ’, அமெரிக்கப் பெரு மிர்த்தில்லோ. எலிசபெத் ஒயிட் என்ற தோட்டக்காரரும் ஃப்ரெடெரிக் கோவில் என்ற தாவரவியலாளரும் நியூஜெர்சியில் சேர்ந்து உழைத்து 1916இல் முதல் வணிக அறுவடையை விற்பனைக்கு அனுப்பினார்கள். அதுவரை அது அங்கேயும் காட்டுப் பழம்தான். கொத்தாகக் காய்க்கும், மேலே நீலம், உள்ளே வெளிறிய பச்சை. நாக்கில் கறை படியாது.

இந்த ஒரு வித்தியாசம் சமையலையே மாற்றிவிடும். ‘மாவு ஊதா நிறமாக மாறும் வரை கிளறவும்’ என்று இத்தாலிய மலைப்பகுதிக் குறிப்பு சொன்னால், அமெரிக்க ப்ளூபெர்ரியைப் போட்டு எவ்வளவு நேரம் கிளறினாலும் அந்த அடர்ந்த நிறம் வராது. அங்கே பில்பெர்ரி என்றே எழுதுங்கள். வாசகருக்குக் கிடைக்காதென்று தோன்றினால் ‘காட்டு ப்ளூபெர்ரி’ என்று விளக்கம் சேருங்கள். இத்தாலிய மூலத்தில் ‘செல்வாத்திச்சி’ (காட்டில் விளைந்தவை) அல்லது ‘தி போஸ்கோ’ என்ற ஒட்டு இருந்தால் அது பெரும்பாலும் பில்பெர்ரியைத்தான் சுட்டும். அடைமொழி எதுவுமின்றி நகரத்துப் பேக்கரிக் குறிப்பில் ‘மிர்த்தில்லி’ என்று மட்டும் வந்தால் ப்ளூபெர்ரி என்று போடுவதில் எனக்குத் தயக்கமில்லை.

ஆங்கிலத்திலிருந்து இத்தாலியனுக்கு வருவது எளிது: ப்ளூபெர்ரி மஃபினுக்கு ‘மிர்த்தில்லி’ போதும். ‘ஜிகாந்தே அமெரிகானோ’ என்று சமையல் குறிப்பில் எழுதினால் நாற்றுப் பண்ணை விலைப்பட்டியல் போல இருக்கும்.

அப்படியானால் மிர்த்தோ என்பதும் மிர்த்தில்லோவும் ஒன்றா?

பெயரில் உறவு, செடியில் உறவில்லை. மிர்த்தில்லோ என்பது மிர்த்தோவின் செல்லச் சுருக்கம், ‘குட்டி மிர்த்தோ’. மிர்த்தோ என்றால் மத்தியதரைக் கடற்கரையில் வளரும் மிர்ட்டில் புதர். சார்டினியாவில் அதன் கருநீலக் காய்களை ஊறவைத்துச் செய்யும் மதுவுக்கும் மிர்த்தோ என்றே பெயர். அதை ‘ப்ளூபெர்ரி லிக்கர்’ ஆக்கிவிடாதீர்கள்.

‘மிர்த்தில்லோ ரோஸ்ஸோ’ கிரான்பெர்ரியா, லிங்கன்பெர்ரியா?

இரண்டும்தான். இந்தப் பக்கத்திலேயே ஆபத்தான சொல் இது.

சிவப்பு மிர்த்தில்லோ என்ற பெயருக்கு முதல் உரிமை லிங்கன்பெர்ரிக்கு, அதாவது வாக்சினியம் வைட்டிஸ்-ஐடியாவுக்கு. அது ஐரோப்பாவின் சொந்தப் பழம், ஆல்ப்ஸில் விளைகிறது. பிரிட்டிஷ் ஆங்கிலத்தில் கவ்பெர்ரி என்ற பெயரும் உண்டு. பிறகு அமெரிக்காவிலிருந்து கிரான்பெர்ரி வந்தது: சாறாக, உலர்ந்த பழமாக, மாத்திரையாக. இத்தாலியனில் அதற்கும் ‘மிர்த்தில்லோ ரோஸ்ஸோ’ என்றே பெயர் வைத்தார்கள். கவனமாக எழுதுகிறவர்கள் ‘அமெரிகானோ’ சேர்ப்பார்கள். தாவரவியல் பிடிவாதம் உள்ளவர்கள் ‘ஒஸ்ஸிகொக்கோ’ என்பார்கள். பலர் ‘கிரான்பெர்ரி’ என்று ஆங்கிலத்தையே வைத்துவிடுகிறார்கள். மூன்றில் கடைசிதான் குழப்பம் இல்லாதது என்பேன், தூய்மைவாதிகள் முகம் சுளித்தாலும்.

பிரித்தறிய இடத்தைப் பாருங்கள். மான் இறைச்சியோடு ஒரு கரண்டி ஜாம், வட இத்தாலியின் தென் டிரோல் மலை விடுதி, ஆல்ப்ஸ் பலகாரம் என்றால் லிங்கன்பெர்ரி. உலர்ந்த பழம், பிஸ்கட், சிறுநீர்த் தொற்றுக்கான மருந்துக்கடைப் பெட்டி என்றால் கிரான்பெர்ரி. தென் டிரோலில் ஜெர்மனும் இத்தாலியனும் அலுவல் மொழிகள் என்பதால், மெனுவில் பக்கத்திலேயே ஜெர்மன் பெயர் இருக்கும். ‘ப்ரைசல்பேரே’ என்றிருந்தால் லிங்கன்பெர்ரி என்று முடிவுகட்டலாம். மூன்றாவது மொழியைச் சாட்சிக்கு அழைப்பது மொழிபெயர்ப்பாளர் செய்யும் மோசடியாகாது.

அதே மருந்துக்கடை அலமாரியில் ‘ஊவா உர்சீனா’ என்ற இன்னொரு பெட்டியும் இருக்கும். சொல்லுக்குச் சொல் ‘கரடித் திராட்சை’. திராட்சையும் அன்று, கிரான்பெர்ரியும் அன்று, ஆங்கிலத்தில் பேர்பெர்ரி. அதில் பயன்படுவது பழம்கூட அன்று, இலை. மருந்துப் பெட்டி உரையில் யூகத்துக்கு இடமே கொடுக்காதீர்கள். பெட்டியின் பின்புறம் தாவரப் பெயர் இருந்தால் அதை வைத்தே மொழிபெயருங்கள்.

மோரா என்றால் பிளாக்பெர்ரியா, மல்பெரியா?

இதுவும் இரட்டை வேடம். லத்தீனில் மோரும் என்ற சொல் இரண்டு பழங்களையும் குறித்தது. இத்தாலியன் அந்தச் சோம்பலை அப்படியே வாங்கிக்கொண்டது. முள்கொடியில் காய்ப்பது ‘மோரா தி ரோவோ’, பிளாக்பெர்ரி. மரத்தில் காய்ப்பது ‘மோரா தி ஜெல்சோ’, மல்பெரி. ஒட்டு இல்லாமல் வெறும் ‘மோரே’ என்று பன்மையில் வந்தால் இன்றைய இத்தாலியனில் பிளாக்பெர்ரி என்று கொள்வது வழக்கம்.

சிசிலியில் மல்பெரிக்கு மரத்தின் பெயரையே வைத்து ‘ஜெல்சி’ என்பார்கள். ‘கிரனித்தா தி ஜெல்சி’ என்பது கரிய மல்பெரிச் சாற்றை உறைய வைத்துச் சுரண்டிய இனிப்பு. இதற்குப் பக்கத்திலேயே ‘ஜெல்சொமினோ’ என்று இன்னொரு வகை எழுதியிருக்கலாம். பார்த்தால் ‘குட்டி மல்பெரி’ போலத் தெரியும். அது மல்லிகை! பாரசீகத்தின் யாசமன் இத்தாலிக்கு வந்து, ஜெல்சோவின் சாயலை ஏற்றுக்கொண்ட சொல்.

மரத்துக்கு ‘மோரோ’ என்றும் பெயர் உண்டு. கருநிறத்தவன் என்றும் அதற்குப் பொருள். மிலானை ஆண்ட கோமகன் லுதோவிகோ ஸ்ஃபோர்ட்சாவுக்கு இல் மோரோ என்பது பட்டப்பெயர். அவருடைய கோட்டையில் சாலா தெல்லே அஸ்ஸே என்ற கூடத்தின் விதானத்தில் 1498 வாக்கில் ஓவியர் லியோனார்டோ டா வின்சி மல்பெரி மரங்களைப் படரவிட்டு வரைந்தது அந்தப் பெயரின் சிலேடைதான். வழிகாட்டி நூலை மொழிபெயர்க்கும்போது அங்கே வெறும் ‘மரங்கள்’ என்று எழுதினால் சிலேடை செத்துப்போகும்.

இன்னொரு மோரா சட்டத்தில் இருக்கிறது: கடன் கட்டத் தாமதித்தல். ‘இன்தெரெஸ்ஸி தி மோரா’ என்பது தாமத வட்டி. இயந்திர மொழிபெயர்ப்பு அதில் பிளாக்பெர்ரி வட்டி போட்டால் சிரித்துவிட்டுத் திருத்துங்கள்.

ராஸ்பெர்ரிக்கு?

லம்போனே, பன்மை லம்போனி. குழப்பமே இல்லாத நல்ல பிள்ளை. ஒன்று மட்டும்: கறுப்பு ராஸ்பெர்ரி என்றொரு அமெரிக்கப் பழம் உண்டு, நிறத்தைப் பார்த்து அதை ‘மோரா’ ஆக்க வேண்டாம், ‘லம்போனே நேரோ’. பறித்தபின் நடுவில் குழி விழுந்தால் ராஸ்பெர்ரி, தண்டு உள்ளேயே தங்கினால் பிளாக்பெர்ரி. நிறம் சாட்சி சொல்லாது.

ஆங்கிலத்தில் ஒருவர் இன்னொருவரை நோக்கி ‘ராஸ்பெர்ரி ஊதினார்’ என்று வந்தால் பழத்தைத் தேடாதீர்கள். நாக்கை நீட்டிக் காற்றை விட்டுச் செய்யும் கேலி ஒலி அது. இத்தாலியனில் அதற்கு ‘பெர்னாக்யா’ என்று தனிச் சொல்லே இருக்கிறது.

கறண்ட் என்பதற்கு ரீபெஸ் என்று எழுதினேன், திருத்துநர் அடித்துவிட்டார். ஏன்?

நான் விழுந்த குழி இதுதான், ஆகவே பரிவோடு சொல்கிறேன். ஓர் ஆங்கிலப் பழ கேக் குறிப்பில் ‘கறண்ட்ஸ்’ என்று இருந்தது. ‘ரீபெஸ்’ என்று எழுதி அனுப்பினேன். அதைச் செய்து பார்த்தவர் புளிப்பில் கண்ணை மூடிக்கொண்டாராம். கேக் நடுவில் வேகாமல் கூழாகவும் இருந்ததாம்.

ஆங்கிலக் கறண்ட் முதலில் பெர்ரியே அன்று. கிரேக்கத் துறைமுகமான கொரிந்தின் பெயரால் அழைக்கப்பட்ட சிறிய, விதையில்லாத உலர்திராட்சை. ‘கொரிந்து’ என்ற ஊர்ப்பெயர் ஆங்கில நாவில் தேய்ந்து ‘கறண்ட்’ ஆனது. பின்னால் வேறொரு புதரின் குட்டிப் பழங்கள் பார்க்க அதே போல இருந்ததால் 16ஆம் நூற்றாண்டில் அவற்றுக்கும் அப்பெயர் ஒட்டிக்கொண்டது. அந்தப் புதரே ரீபெஸ்.

ஆக, கேக்கிலும் பன்னிலும் வெறும் ‘கறண்ட்ஸ்’ என்றால் ‘ஊவெத்தா தி கொரிந்தோ’, உலர்திராட்சை. சிவப்பு, கறுப்பு, வெள்ளை என்று நிறம் முன்னால் வந்தால் ‘ரீபெஸ் ரோஸ்ஸோ’, ‘நேரோ’, ‘பியாங்கோ’. சாறு, ஜெல்லி, புதிய பழம் என்றாலும் ரீபெஸ்தான். ‘உலர்ந்த’ என்ற சொல் கேக் குறிப்பில் இல்லாததே என்னை ஏமாற்றியது. ஆங்கிலேயருக்கு அது சொல்லாமலே தெரியும் என்பதால் எழுதுவதில்லை.

ரீபெஸுக்கும் வினோதமான பிறப்பு. அரபியில் ரீபாஸ் என்பது ஒருவகை ருபார்ப். அதன் புளிப்பை நினைவூட்டிய ஐரோப்பியப் பழத்துக்கு அப்பெயர் வந்து சேர்ந்தது. இலக்கணத்தில் ஒரு சௌகரியம்: ஒருமையிலும் பன்மையிலும் ரீபெஸ் மாறாது.

கூஸ்பெர்ரி?

‘ஊவா ஸ்பீனா’, முள் திராட்சை. இரு மொழிகளின் குணமும் இதில் தெரிகிறது. உருண்டையாக, சிறியதாக எது இருந்தாலும் ஆங்கிலம் பெர்ரி என்ற வாலை ஒட்டிவிடும். இத்தாலியன் முடிந்தவரை தனிப்பெயர் வைக்கும், முடியாதபோது திராட்சையைத் துணைக்கு அழைக்கும்.

தமிழ் வழியாக யோசிப்பவர்களுக்கு ஒரு குழி கூடுதல்: நம் அகராதிகள் கூஸ்பெர்ரிக்கு நெல்லி என்கின்றன. நெல்லிக்கும் ஊவா ஸ்பீனாவுக்கும் எந்த உறவும் இல்லை. காகித உறைக்குள் இருக்கும் மஞ்சள் நிற ‘கேப் கூஸ்பெர்ரி’யும் வேறு, அது தக்காளிக் குடும்பம், இத்தாலியனில் ‘அல்கெக்கெஞ்சி’.

ஃப்ராகொலா ஸ்ட்ராபெர்ரிதானே?

ஆம். சிறிய காட்டு வகை ‘ஃப்ராகொலினே தி போஸ்கோ’. அதை வெறும் ஸ்ட்ராபெர்ரி என்று எழுதினால் இனிப்பின் விலை ஏன் அவ்வளவு என்று வாசகருக்குப் புரியாது.

ஆனால் ‘ஊவா ஃப்ராகொலா’ திராட்சை. ஸ்ட்ராபெர்ரி மணம் வீசும் அமெரிக்க வகைத் திராட்சை, ஆங்கிலத்தில் இசபெல்லா. எதிர்த்திசையில், ஆங்கிலத்தின் ‘ஸ்ட்ராபெர்ரி மரம்’ இத்தாலியனில் ‘கொர்பெட்சொலோ’. சிவந்த பழமும் வெண்பூவும் பச்சை இலையும் ஒரே காலத்தில் மரத்தில் இருப்பதால் இத்தாலியக் கொடியின் மூவண்ணத்தை அதில் கண்டார்கள். ‘கொர்பெட்சொலி!’ என்று பன்மையில் யாராவது கத்தினால் ‘அடேயப்பா!’ என்று பொருள். பழைய பாணி வியப்பு; நாவலில் தாத்தா பாத்திரங்கள் சொன்னால் பொருந்தும்.

ஜூனிப்பர் பெர்ரி, எல்டர்பெர்ரி, ஸ்லோ போன்றவை?

விரைவாகச் சொல்கிறேன். எல்டர்பெர்ரி ‘பாக்கே தி சம்பூக்கோ’. ஸ்லோ ‘ப்ருன்யோலா’. கடல் பக்தார்ன் ‘ஒலிவெல்லோ ஸ்பினோசோ’, முள் ஒலிவம். க்ளவுட்பெர்ரி ‘கமெமோரோ’, இத்தாலிய வாசகர் பலருக்கு அது அந்நியம் என்பதால், வட துருவத்தை ஒட்டிய நாடுகளில் விளையும் மஞ்சள் பழம் என்று ஒரு வரி சேர்க்கலாம்.

ஜூனிப்பர் ‘பாக்கே தி ஜினேப்ரோ’. இதற்குக் ‘கொக்கொலே’ என்ற பெயரும் உண்டு. அதே சொல்லுக்குக் கொஞ்சல், அணைப்பு என்றும் பொருள். வறுத்த இறைச்சிக்கு ‘ஐந்தாறு அணைப்புகள் சேர்க்கவும்’ என்ற இயந்திர மொழிபெயர்ப்பைத் திருத்த மனம் வராது, திருத்தத்தான் வேண்டும்.

இத்தாலியனில் பெயரே இல்லாத கலப்புப் பழங்களை என்ன செய்வது?

லோகன்பெர்ரி, பாய்சன்பெர்ரி ஆகியவற்றை அப்படியே விடுங்கள். லோகன்பெர்ரி 1880களில் கலிஃபோர்னியாவில் நீதிபதி ஜேம்ஸ் ஹார்வி லோகனின் தோட்டத்தில் தற்செயலாகப் பிறந்த ராஸ்பெர்ரி–பிளாக்பெர்ரிக் கலப்பு. மனிதர் பெயரை மொழிபெயர்க்க முடியாது. முதல் முறை வரும்போது ‘லம்போனேவுக்கும் மோராவுக்கும் பிறந்தது’ என்று விளக்கினால் போதும்.

‘ராஸ்பெர்ரி ஜாம்’ – ஒருமையா, பன்மையா? மர்மெல்லாத்தா என்று எழுதலாமா?

ஆங்கிலம் பழத்தை ஒருமையில் வைத்து முன்னால் ஒட்டும். இத்தாலியன் ஜாமுக்குப் பன்மை கேட்கும்: ‘கொன்ஃபெத்தூரா தி லம்போனி’. ஐஸ்கிரீம் சுவைக்கு ஒருமையும் முன்னிடைச் சொல்லும்: ‘ஜெலாத்தோ அல் லம்போனே’. வீட்டுப் பேச்சில் எல்லா ஜாமும் மர்மெல்லாத்தா. லேபிளில் அந்தச் சொல் பொதுவாக ஆரஞ்சு, எலுமிச்சை வகைகளுக்கு உரியது. எனவே பாட்டி வைத்த ‘மர்மெல்லாத்தா தி மோரே’ ஆங்கிலத்தில் பிளாக்பெர்ரி ஜாம், மார்மலேட் அன்று.

மூல ஆசிரியரைக் கேட்க வழியில்லை. எப்படி முடிவெடுப்பது?

செடியைப் பிடியுங்கள், சொல்லைப் பிறகு பார்க்கலாம். பழம் புதியதா உலர்ந்ததா, முள்கொடியா மரமா, உள்ளே என்ன நிறம், மலையா தோட்டமா என்று உரைக்குள்ளேயே தேடுங்கள். பெரும்பாலும் ஏதோ ஒரு வினைச்சொல் காட்டிக்கொடுத்துவிடும். ‘ஊற வைக்கவும்’ என்றால் உலர்ந்தது; ‘மரத்தடியில் துணி விரித்து உலுக்கினார்கள்’ என்றால் மல்பெரி; ‘கையைக் கீறிக்கொண்டாள்’ என்றால் ரோவோ. பிறகு தாவரப் பெயரைக் கண்டுபிடித்து அதிலிருந்து அடுத்த மொழிக்கு இறங்குங்கள்.

அதற்கும் வழியில்லாத உரையில், பழத்தின் அடையாளம் கதையிலோ சமையலிலோ எதையும் மாற்றாது என்றால், ‘ஃப்ருத்தி தி போஸ்கோ’ போன்ற பொதுப்பெயரில் ஒதுங்கிக்கொள்ளலாம். மருந்திலும் ஒவ்வாமை எச்சரிக்கையிலும் மட்டும் அப்படி ஒதுங்கக் கூடாது. அங்கே வாடிக்கையாளருக்குக் கேள்வி எழுதி அனுப்பிவிட்டுப் பதில் வரும்வரை காத்திருங்கள்.